ஒம்பது அடி ஊறுகாய் ஜாடியை படகு கட்டுற யார்டுல செஞ்சோம்: எந்த மெட்டீரியல், ஏன், யார்டு எப்படி

கடை வாசல்லயோ ஸ்கூல் கேம்பஸ்லயோ ஒரு சாதாரண வீட்டு சாமானை ஆள் உயரத்துக்கு மேல பெருசா செஞ்சு வெளியில நிறுத்தணும்னு யாராவது யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா, அதுவும் கடலோர ஊர்ல இருந்தீங்கன்னா, முதல்லயே விஷயத்தை சொல்லிடறேன். டெக்கரேஷன் யூனிட், ஸ்டேஜ் செட் போடுறவங்க, போர்டு செய்யறவங்க எல்லாரையும் பாருங்க, ரேட் கேளுங்க, ஆனா ஆர்டரை ஃபைபர் படகு கட்டுற யார்டுல கொடுங்க. நாங்க கொடுத்த யார்டோட பேரை இங்க போடல, அவங்க ஆன்லைன்ல இல்ல, விளம்பரமும் பண்றதில்ல, கடலூர்லருந்து பாண்டி வரைக்கும் கடலோரமா இந்த மாதிரி யார்டு நிறைய இருக்கு, மீனவர் குப்பத்துல யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க.

எங்களுக்கு கடலூர் பாண்டி ரோட்டுல ஊறுகாய், பொடி, வத்தல் கடை. அம்மா ஆரம்பிச்சது, இப்ப நானும் தம்பியும் பாத்துக்கறோம். வண்டியெல்லாம் பறக்குற ரோடு, போர்டைப் படிக்கறதுக்குள்ள கடையைத் தாண்டிடுவாங்க. அதனால தூரத்துலயே இது ஊறுகாய் கடைன்னு தெரியற மாதிரி பழைய பீங்கான் ஜாடி ஒண்ணு, மேல பாதி பிரவுன், கீழ பாதி லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, வாய்ல வெள்ளைத்துணியால வேடு கட்டி, பக்கத்துல சாச்சு வெச்ச மாதிரி ஒரு கொட்டாங்குச்சி அகப்பை, இதுதான் பிளான். உயரம் ஒம்பது அடி, வயித்துப் பகுதி ஆறு அடி அகலம்.

நிஜப் பீங்கான்லயே செய்ய முடியாதான்னு தம்பி கேட்டான், நியாயமான கேள்விதான், எல்லாருக்கும் முதல்ல தோணறது அதுதான். ஒரு அடி ஜாடியை ஒம்பது அடியா ஆக்கினா உயரம் ஒம்பது மடங்கு, ஆனா மேற்பரப்பு 81 மடங்கு, கனம் 729 மடங்கு. வீட்ல இருக்கற ஒரு அடி ஜாடி நாலு கிலோ இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதே விகிதத்துல பெருசாக்கினா 2900 கிலோ வருது. அதை ஒரே துண்டா காய வெச்சு, விரிசல் விடாம சூளைல சுட்டு, அலுங்காம லாரில ஏத்தி கொண்டு வரணும். பெரிய சைஸ்னு போனாலே இந்த கணக்குதான் முதல் வேலை. சின்னதுல தானா நிக்கற சாமான் பெருசுல தன் கனத்தாலயே விரிசல் விடும். அதனால "எதுல செஞ்ச சாமானோ அதுலயே பெருசா" ங்கற எண்ணத்தை மொதல்லயே விட்டுடணும், பீங்கானா தெரியணும், பீங்கானா இருக்க வேண்டியதில்ல.

அடுத்து வந்தது தெர்மோகோல். கல்யாண மண்டபத்துக்கு, பொருட்காட்சி ஸ்டாலுக்கு செய்யற ஒரு யூனிட்ல கேட்டோம், தெர்மோகோல் பிளாக்கை ஹாட் வயர்ல வெட்டி ஒட்டி, மேல பிளாஸ்டர் பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சு தரேன்னாங்க. ரேட் ரொம்ப கம்மி. ரெண்டு நாள் ஃபங்ஷனுக்கு இதை விட நல்ல வழி கிடையாது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா வெளியில மழை வெயில்ல நிக்கணும்னு சொன்னதும் "அப்ப தெர்மோகோல் மேல நேரா ஃபைபர் கோட்டிங் கொடுத்துடலாம் மேடம்" னாங்க. இங்கதான் உஷாரா இருக்கணும். சாதாரண ஃபைபர் வேலைக்கு யூஸ் பண்ற பாலியஸ்டர் ரெசின்ல ஸ்டைரீன் இருக்கு, அது தெர்மோகோலைக் கரைச்சுடும், பட்ட இடமெல்லாம் குழி குழியா உள்ள போயிடும். நடுவுல ஒரு தடுப்பு கோட்டிங் கொடுக்கணும், இல்லன்னா எபாக்ஸி ரெசின் போடணும், எபாக்ஸி விலை வேற. இதை அவங்களா சொல்லல, நான் கேட்டப்பறம்தான் "ஆமா ஆமா அதுக்கு ஒரு கோட்டிங் அடிப்போம்" னு வந்துச்சு. உள்ள தெர்மோகோல் இருந்தா எறும்பு குடைஞ்சு வீடு கட்டும்ங்கறது தனிக் கதை.

சிமெண்ட்ல செய்யலாம்னு எங்க பெரியப்பா ரொம்ப அடிச்சு சொன்னார். கோயில் சுதை வேலை செய்யற ஒருத்தரைக் கூட்டிட்டும் வந்தார். அந்த மனுஷன் கையில இருக்கற வேலையைப் பத்தி குறை சொல்ல எதுவுமே இல்ல, காகிதத்துல ஜாடியோட தோள்பட்டை வளைவை ஒரே இழுப்புல போட்டுக் காட்டினார் பாருங்க, மத்த எந்த இடத்துலயும் அந்த வளைவை யாரும் கவனிக்கவே இல்ல. கம்பி கூடு கட்டி, கோழி வலை சுத்தி, ஒரு இன்ச் கனத்துக்கு சிமெண்ட் பூசற முறை. செலவும் கம்மி. உள்நாட்டுல, மதுரை, காரைக்குடி பக்கம் கடை இருந்தா நான் இதைத்தான் எடுத்திருப்பேன். ஆனா எங்க இடத்துல உப்புக் காத்து. மேல இருக்கற சிமெண்ட் ஒரு இன்ச்தான்னா உப்பு உள்ள இறங்கி வலையைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஆனா இரும்பு ஊதும், ஊதினா சிமெண்ட் பொரிஞ்சு கொட்டும். கடலோர வீடுகள்ல சன்ஷேடு அடில கம்பி வெளிய தெரியறதைப் பாத்திருப்பீங்களே, அதே வியாதி. கனமும் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 60 கிலோ, மொத்தம் ஒரு டன்னுக்கு மேல வரும், கடை இடம் வாடகை இடம், நாளைக்கு மாத்தணும்னா உடைக்கத்தான் முடியும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எங்க ஜாடிக்கு தேவையே இல்ல, ஆனா டம்ளர் டபரா, குடம், கரண்டி மாதிரி செய்ய நினைக்கறவங்களுக்கு விசாரிச்ச வரைக்கும் சொல்றேன். மார்க்கெட்ல 202னு ஒண்ணு, 304னு ஒண்ணு, 316னு ஒண்ணு. 304ல 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டிருப்பாங்க, விலை கம்மி, கடல் காத்துல சீக்கிரமே துருப்புள்ளி வரும். 316ல மாலிப்டினம் சேர்த்திருப்பாங்க, கடலோரத்துக்கு சரியானது அதுதான், விலையும் அப்படி. காந்தம் ஒட்டலன்னா 304னு கடைல சொல்லுவாங்க, நம்பாதீங்க, 202வும் பொதுவா காந்தத்துல ஒட்டாது. பேட்டரியோட வர்ற டெஸ்டிங் லிக்விட்ல ஒரு சொட்டு விட்டுப் பாக்கணும், மாங்கனீஸ் ஜாஸ்தி இருந்தா சிவக்கும். பழைய இரும்பு வியாபாரிங்க கிட்டயே அது இருக்கும். இன்னொண்ணு, சாதா இரும்பு கட் பண்ற அதே ஷெட்ல ஸ்டெயின்லெஸ் வேலை நடந்தா அந்த இரும்புத்தூள் மேல உக்காந்து துருப்புள்ளி ஆகும், அப்பறம் 316 போட்டும் பிரயோஜனம் இல்ல. மேற்பரப்பு எவ்வளவு வழவழன்னு பாலிஷ் ஆயிருக்கோ அவ்வளவு நல்லது, கோடு கோடா பிரஷ் ஃபினிஷ் அழகாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கோட்டுக்குள்ளதான் உப்பு தங்கும்.

இப்ப ஃபைபர். எல்லாரும் ஃபைபர்னு சொல்றது கண்ணாடி நார் மேட்டும் பாலியஸ்டர் ரெசினும் சேந்ததுதான். இதுல என்ன வேணா செய்யலாம்னு எல்லா யூனிட்லயும் சொல்றாங்க, செய்யலாம்தான், ஆனா எது பொருந்தும் எது பொருந்தாதுன்னு பாக்கணும். ஃபைபரோட வெளித்தோல் ஜெல்கோட், அது மோல்டுலருந்து எடுக்கும்போதே பளபளன்னு வரும், கலர் உள்ளயே கலந்திருக்கும், அதனால மெருகு போட்ட பீங்கான், பிளாஸ்டிக் பக்கெட், எனாமல் தட்டு இந்த மாதிரி சாமானுக்கு இதை விட்டா வேற கிடையாது. பித்தளைக் குடம், எவர்சில்வர் டம்ளர் மாதிரி வெறும் உலோகத்தை ஃபைபர்ல செஞ்சு சில்வர் பெயிண்ட் அடிச்சீங்கன்னா கிட்ட வந்ததும் சாம்பல் கலர்ல பெயிண்ட் அடிச்ச சாமானாத்தான் தெரியும், உலோகம் சுத்தி இருக்கறதை வாங்கிக் காட்டணும், பெயிண்ட் அதைக் காட்டாது. மர சாமானும் அப்படித்தான், ரேகையை வரைஞ்சு ஏமாத்த முடியாது. ஆகவே ஒரே மெட்டீரியல்ல மொத்தத்தையும் முடிக்கணும்னு பிடிவாதம் வேண்டாம், கண்ணு எதை வெச்சு அந்த சாமானை அடையாளம் கண்டுபிடிக்குதோ அந்த இடத்துல அந்தந்த மெட்டீரியல் இருக்கட்டும்.

படகு யார்டுக்கு போற யோசனை எப்படி வந்துச்சுன்னா, இந்த மாதிரி பெரிய சாமான் சிற்பம்னாலே உலகத்துல முதல்ல சொல்ற பேரு கிளேஸ் ஓல்டன்பர்க், அவரோட மனைவி கோஷா வான் ப்ரூகன். அமெரிக்காவுல மினியாப்பொலிஸ்ல அவங்க செஞ்ச ராட்சச ஸ்பூன் இருக்கு, நுனில ஒரு செர்ரிப்பழம், 1988ல திறந்தது. ஸ்பூன் மட்டும் 2600 கிலோவுக்கு மேல, செர்ரி 540 கிலோ. அலுமினியத்துலயும் ஸ்டெயின்லெஸ்லயும் செஞ்சு பெயிண்ட் அடிச்சது. அதைக் கட்டினது எங்கன்னு படிச்சப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு, நியூ இங்கிலாந்து கடற்கரைல ரெண்டு படகு கட்டுற யார்டுல. யோசிச்சுப் பாத்தா சரிதானே, வளைஞ்ச உடம்பு, மெல்லிசான தோல், உள்ள ரிப், தண்ணி புகக்கூடாது, உப்பு தின்னக்கூடாது, வெயில்ல வருஷக்கணக்கா நிக்கணும். இதையெல்லாம் தினமும் செஞ்சுட்டு இருக்கறவங்க படகுக்காரங்கதான். அதே ஓல்டன்பர்க் 1969ல யேல் யூனிவர்சிட்டில வெச்ச ராட்சச லிப்ஸ்டிக்கை முதல்ல பிளைவுட்லயும் காத்தடிக்கற வினைல்லயும் செஞ்சார், வெளியில நின்னு அது பாழாகி, 1974ல மெட்டல்ல திரும்ப செய்ய வேண்டியதாச்சு. அவ்வளவு பெரிய ஆர்ட்டிஸ்டோட வேலைக்கும் மழை மழைதான். கான்சஸ் சிட்டி மியூசியம் புல்வெளில 1994ல அவங்க ரெண்டு பேரும் வெச்ச ஷட்டில்காக் நாலும் அலுமினியமும் ஃபைபரும் கலந்து செஞ்சது, ஒவ்வொண்ணும் 18 அடி கிட்ட. ஒரே மெட்டீரியல்ல அவங்களே நிக்கல பாருங்க.

நம்ம ஊருக்கு வந்தா, 2004 சுனாமிக்கு அப்பறம் இந்தக் கடலோரம் பூரா கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்துடுச்சு, அதனால மோல்டு தெரிஞ்ச கை ஒவ்வொரு குப்பத்துலயும் இருக்கு. நாளைக்கு ஜாடில ஒரு லாரி இடிச்சு விரிசல் விட்டாலும் ஒட்டறதுக்கு ஆள் தேடி சென்னை போக வேண்டாம். இதை விட பெரிய கேரண்டி எந்தக் கம்பெனி தரும்?

யார்டுக்கு முதல்ல போனப்ப மாஸ்டர் சிரிக்கல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. நான் கொண்டு போன வீட்டு ஜாடியை வாங்கி கையால தோளைத் தடவிப் பாத்துட்டு "எங்க நிக்கப் போவுதும்மா, கடல் எந்தப் பக்கம்" னு கேட்டார். சைஸ், கலர், பட்ஜெட் எல்லாம் அதுக்கப்பறம்தான். நான் ஏறி இறங்குன வேற எந்த யூனிட்லயும் இந்தக் கேள்வி வரல.

ஜாடி உருண்டையான சாமான்ங்கறதால மாடல் செஞ்ச விதம் பாக்கறதுக்கே நல்லா இருந்துச்சு. நடுவுல செங்குத்தா ஒரு பைப், அதுல சுத்தி வர்ற மாதிரி பிளைவுட்ல ஜாடியோட பாதி அவுட்லைனை வெட்டி மாட்டியிருந்தாங்க, செங்கல்லும் சாக்கும் வெச்சு குத்துமதிப்பா உடம்பு எழுப்பி, அது மேல பிளாஸ்டரைக் குழைச்சு அப்பி, ஒருத்தர் அந்தப் பிளைவுட்டைச் சுத்திக்கிட்டே வந்தார். ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமான பிளாஸ்டர் வழிச்சு வெளிய வருது, பள்ளமான இடத்துல இன்னொருத்தர் அப்புறார், திரும்ப சுத்தல். இறுகறதுக்குள்ள முடிக்கணும், யாரும் பேசிக்கல. கடைசில பாத்தா தோளு, வயிறு, அடி எல்லாம் ஒரு பிசிறு இல்லாம உருண்டு நிக்குது. அந்த பிளைவுட் அவுட்லைனுக்கு சுதைக்காரர் வரைஞ்சு கொடுத்த அதே வளைவைத்தான் யூஸ் பண்ணோம், அவருக்கு அதுக்கான காசையும் கொடுத்தோம்.

அதுக்கு மேல வாக்ஸ் தேய்ச்சு ரெண்டு பாதியா மோல்டு எடுத்து, மோல்டுக்குள்ள முதல்ல ஜெல்கோட், அப்பறம் மெல்லிசா ஒரு டிஷ்யூ மேட், அப்பறம் 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் ஒண்ணு மேல ஒண்ணா. ஒரு லேயர் போட்டா தோராயமா ஒரு மில்லிமீட்டர் கனம் வரும், வயித்துல அஞ்சு மில்லி, அடில இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ரோலர் வெச்சு காத்துக்குமிழியை அழுத்தி வெளிய தள்ளறாங்க, அதுதான் வேலையோட உயிர், குமிழி தங்கின இடம் பின்னாடி வெயில்ல கொப்புளிக்கும். ரெசின்ல ரெண்டு தினுசு, ஜிபினு ஒண்ணு விலை கம்மி, ஐஎஸ்ஓனு ஒண்ணு (ஐசோஃப்தாலிக்ங்கறதோட சுருக்கம், தரச்சான்று ஐஎஸ்ஓ இல்ல) தண்ணியும் உப்பும் நல்லா தாங்கும். நம்ம ஜாடிக்கு ஜெல்கோட்டும் முதல் லேயரும் ஐஎஸ்ஓ, பின்னாடி லேயரெல்லாம் ஜிபி. காசும் மிச்சம், வெளித்தோலும் பத்திரம். நீங்க எங்க செஞ்சாலும் இதைக் கேட்டு, டப்பாவைக் கண்ணால பாத்துடுங்க.

டிஷ்யூ மேட் எதுக்குன்னா, மேல் பாதி அடர் பிரவுன், மதிய வெயில்ல நல்லா சூடேறும், சூடேறினா உள்ள இருக்கற நாரோட தடம் நாளாவட்டத்துல வெளிய தெரிய ஆரம்பிக்கும். அடர் கலர் எடுக்கறவங்க எல்லாரும் இதைக் கவனிக்கணும், வெள்ளைப் பக்கம் அந்தத் தொந்தரவு அவ்வளவா இல்ல. பிரவுனுக்கு இரும்பு ஆக்சைடு பிக்மெண்ட் போட்டாங்க, வெயிலுக்கு வெளுக்காத கலர்ல அது முக்கியமானது. நிஜப் பீங்கான் ஜாடியோட பிரவுனும் மெருகுல இருக்கற இரும்புலருந்து வர்றதுதான், அதனாலயோ என்னவோ ரெண்டையும் பக்கத்துல வெச்சா கலர் அப்படியே ஒத்துப் போச்சு. ஜாடி வாய்லருந்து சிவப்பா எண்ணெய் ஒழுகற மாதிரி வைக்கலாம்னு தம்பிக்கு ஆசை, மாஸ்டர்தான் வேண்டாம்னார், பளிச்னு இருக்கற சிவப்பு சீக்கிரம் வெளுக்கும், வெளுத்த சிவப்பு ஊறுகாய் கடைக்கு நல்லா இருக்காதுன்னு. கரெக்ட்.

உள்ள இரும்பு ஆங்கிள் வெச்சு வெல்டு பண்ணல. டெக்கரேஷன் யூனிட்டெல்லாம் அப்படித்தான் செய்வாங்க, மூடின ஜாடிக்குள்ள ஈரக்காத்து நின்னு அந்த ஆங்கிள் துருப்பிடிச்சு, துருத்தண்ணி அடில வழிஞ்சு கறை விடும். இங்க படகுக்கு வைக்கற மாதிரியே ரிப், ஃபோம் பட்டையை உள்பக்கமா வளைச்சு வெச்சு மேல மேட் ஒட்டிட்டாங்க. மொத்த ஜாடியும் 150 கிலோவுக்குள்ள அடங்கிடுச்சு. அடில தண்ணி வடிய ஓட்டை, பின்பக்கம் காத்து போக வர ஒரு ஓட்டை.

கனம் கம்மிங்கறது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் மட்டும் இல்ல, காத்துக்கு பயப்பட வேண்டிய விஷயமும்தான். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுலதான் கரை ஏறுச்சு, அதைப் பாத்தவங்க யாரும் இங்க காத்தை லேசா எடுத்துக்க மாட்டாங்க. கட்டடத்துக்கான இந்திய ஸ்டாண்டர்டுல சென்னை, பாண்டி மாதிரி இடத்துக்கு செகண்டுக்கு 50 மீட்டர் காத்துன்னு கணக்கு, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துல ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ தள்ளும். நம்ம ஜாடி சைஸுக்கு ஒரு தட்டைப் பலகை நின்னா 700 கிலோவுக்கு மேல, ஜாடி உருண்டைங்கறதால அதை விடக் குறையும், இருந்தாலும் 150 கிலோ சாமானை சும்மா வெச்சா நிக்காது. அதனால தனியா ஒரு இன்ஜினியரைக் கேட்டு காங்கிரீட் பீடம், அதுல கால்வனைஸ் பண்ண ஜே போல்ட், ஜாடி அடிவிளிம்பை உள்பக்கமா மடிச்சு கனமா போட்டு அதுல போல்ட் இறக்கினோம். இந்த வேலை யார்டு பொறுப்புல வராது, நீங்கதான் பாத்துக்கணும், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. மதுரைப் பக்கம்னா ஸ்டாண்டர்டுல 39 மீட்டர்தான், அழுத்தம் கிட்டத்தட்ட 90 கிலோவா இறங்கிடும், இடத்துக்கு இடம் கணக்கு மாறும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது அந்த வேடு. துணி மாதிரி களிமண்ல மடிப்பு செஞ்சு மோல்டு எடுக்கலாம்னு நான் படிச்சு வெச்சிருந்தேன். மாஸ்டர் "துணி வேணும்னா துணியே போடலாமேம்மா" ன்னுட்டு, கெட்டியான வெள்ளைக் காட்டன் துணியை ஜாடி வாய் மேல விரிச்சு, கயிறால கட்டி, மடிப்பெல்லாம் நாங்க வீட்ல கட்டற மாதிரியே வருதான்னு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு, முடிச்சுக்குக் கீழ துணி விசிறி மாதிரி தொங்கணும், இழுத்துப் பிடிக்கக் கூடாதுன்னு கையாலயே சுருக்கத்தை சரி பண்ணாங்க. அதுக்கப்பறம் அந்தத் துணி மேலயே பிரஷ்ல ரெசினை ஊற விட்டாங்க. கொஞ்ச நேரத்துல அத்தனை மடிப்பும் அப்படியே கல்லா நின்னுடுச்சு. உள்பக்கம் மேட் போட்டு கனமாக்கி, வெளிப்பக்கம் வெள்ளை பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட், நெசவோட இழை இப்பவும் தெரியுது. கடைக்கு வர்றவங்க பாதிப்பேர் தட்டிப் பாக்கறாங்க, நிஜத்துணியா இல்லையான்னு. மேல கட்டின கயிறு நிஜத் தேங்காய்நார் வடம், நாலு விரல் தடிமன். நைலான் போட்டா ரொம்ப நாள் உழைக்கும், ஆனா கிட்ட பாக்கறப்ப பளபளப்பு காட்டிக் கொடுத்துடும். தேங்காய்நார் உப்புக்கு நல்லாவே தாக்குப் பிடிக்கும், கறுத்தா மாத்திக்கலாம், பெரிய செலவு இல்ல.

அகப்பைல சிரட்டை ஃபைபர், காம்பு நிஜப் பனைமரம். பழைய வீடு இடிச்ச இடத்துல பனஞ்சட்டம் வாங்கினோம், உள்சோத்தைச் செதுக்கி எடுத்துட்டு வெளி வைரம் மட்டும், அந்தக் கறுப்பு நார்க்கோடு ஓடற அழகை எந்தப் பெயிண்டராலயும் வரைய முடியாது. ஆசாரி ஒருத்தர் இழைச்சுக் கொடுத்தார், வருஷா வருஷம் எண்ணெய் விடறோம். காம்பு கை எட்டற உயரத்துல இருக்கு, குழந்தைங்க தொட்டுப் பாக்கற இடம் அதுதான், அதனாலதான் அங்க நிஜ மரம் வேணும்னு நான் பிடிவாதமா நின்னேன். யார்டுல இதை முதல்ல ஒத்துக்கல, மரமும் ஃபைபரும் சேர்ற இடம் தண்ணி குடிக்கும்னாங்க, பேசிப் பேசி ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு நடுவுல ரப்பர் வாஷர் வெச்சு கழட்டி மாட்டற மாதிரி செஞ்சாங்க.

குறைன்னு பாத்தா இருக்கு. எழுத்துல கொட்டேஷன் தர மாட்டாங்க, பில்லும் கேட்டு வாங்கணும், கடைக் கணக்குல காட்டறவங்களுக்கு இது பெரிய தலைவலி. சொன்ன தேதிக்கு வராது. மழை பேஞ்சா ரெசின் வேலையை நிறுத்திடுவாங்க, ஈரத்துல சரியா இறுகாதுங்கறது உண்மையான காரணம்தான், ஆனா மழை நின்னப்பறமும் அவசரப் படகு ஒண்ணு வந்தா நம்ம வேலை பின்னாடி போயிடும், அதை ஃபோன் பண்ணிச் சொல்லவும் மாட்டாங்க. ரெண்டு பாதி சேர்ற ஜாயிண்ட்டை முதல்ல அரைகுறையா தேய்ச்சு விட்டிருந்தாங்க, சாயங்கால வெயில் பக்கவாட்டுல அடிக்கும்போது கோடு தெரிஞ்சுது, படகுல அது யாருக்கும் பிரச்சனையில்ல, சிற்பத்துல பிரச்சனைதான். சொன்னதும் திரும்ப பட்டி பார்த்து, நம்பர் நம்பரா எமரி தேய்ச்சு பாலிஷ் போட்டுத் தந்தாங்க, முகம் சுளிக்கல. யார்டுல ஸ்டைரீன் நாத்தம் பயங்கரம், குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஆனா ரெசினை இறுக வைக்கற ஹார்டனரையும், அதை வேகப்படுத்தற கோபால்ட்டையும் தனித்தனி மூலைல பூட்டி வெச்சிருந்தாங்க, ரெண்டும் நேரா கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும், அந்த ஒழுக்கம் இருக்கற யார்டா பாத்துப் போங்க. ஃபைபர் எரியற சாமான்தான், சாதா ரெசின்னா நல்லாவே எரியும், கடைக்கு உள்ள வைக்கறதா இருந்தா தீ தாங்கற ரெசின் தனியா கேக்கணும்.

டெலிவரி நம்ம பொறுப்பு. ஆறு அடி அகலத்துக்கு டாடா ஏஸ் பத்தாது, 407ல படுக்க வெச்சு அடில பழைய டயர் போட்டுக் கொண்டு வந்தோம்.

விலை விஷயத்துல, ஸ்டெயின்லெஸ்ல இதே சைஸுக்கு சொன்னதுல மூணுல ஒரு பங்கு, தெர்மோகோல் யூனிட் சொன்னதைப் போல ரெண்டரை மடங்கு. ரெண்டு மழைக்காலம் பாத்தாச்சு. ஜெல்கோட்ல பளபளப்பு லேசா குறைஞ்சிருக்கு, வாக்ஸ் போட்டுத் தேய்ச்சா திரும்ப வருது, மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணில கழுவி விடறோம், வேற ஒண்ணும் இல்ல. வேலைத்தரத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, சொன்ன நேரத்துக்கு ரெண்டு, மொத்தமா நாலு கொடுப்பேன்.

போறவங்க மாசம் பாத்துப் போங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடி தடைக்காலம், அந்தப் படகெல்லாம் ரிப்பேருக்கு கரை ஏறிடும், யார்டுல பேசக்கூட யாருக்கும் நேரம் இருக்காது. அக்டோபர்லருந்து டிசம்பர் மழை. பொங்கல் முடிஞ்ச கையோட போய் அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா தடைக்காலத்துக்கு முன்னாடி வேலையை வாங்கிடலாம், போகும்போது செய்ய வேண்டிய சாமானோட நிஜப் பீஸ் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க, போட்டோ மட்டும் காட்டாதீங்க.